தூர்வாராத குளமும் சந்தா புதுப்பிப்பும்

கேள்வி: எங்கள் வீட்டில் 1972 முதல் ஒரே ஆங்கில நாளிதழ்தான். அப்பா போட ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நான் தொடர்கிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில வருடங்களாகவே அந்தப் பேப்பர் மேல் இருந்த மரியாதை குறைந்துகொண்டே வருகிறது. வாரத்தில் பாதி நாள் முதல் பக்கம் முழுக்க நகை விளம்பரம். கல்வி இணைப்பில் ஒரு தனியார் பல்கலைக்கழக வேந்தரின் பேட்டி முழுப் பக்கத்துக்கு வந்தது. அது காசு கொடுத்துப் போட்டது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குளத்தைத் தூர்வாரி முடித்துவிட்டார்கள் என்று செய்தி போட்டார்கள். குளத்தில் இன்றுவரை ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. போட்டிருந்த படம் வேறு ஒரு குளத்துடையது. படங்களோடு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. அடுத்த மாதம் ஆண்டுச் சந்தா புதுப்பிக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன், 'ஆப்பில் படியுங்கள்' என்கிறான். மனைவி, 'தண்டச் செலவு, நிறுத்துங்கள்' என்கிறாள். எனக்கோ காலையில் அது இல்லாமல் காபி இறங்காது. நம்பிக்கை போன பிறகு பழக்கத்துக்காக வாங்குவது சரியா? என்னைப் போல நாலு பேர் நிறுத்தினால் அவர்களுக்கு உறைக்குமா?
— பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: ஐயா, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள். பேப்பரையும் இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். மாதாமாதம் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து வாங்குகிற பழைய முறைக்கு மாறுங்கள். ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கும் தள்ளுபடி போகும், போகட்டும். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவைத்திருக்கிறவருக்கு உங்கள் கோபத்தைப் பற்றி அடுத்த வருடம்தான் கவலை. மாதக் கணக்கில் இருந்தால் எந்த ஒன்றாம் தேதியும் நீங்கள் விலகலாம்.

அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு காரியம் செய்ய வேண்டும். அதற்கு முன், உங்கள் மூன்று புகார்களையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள், அதைப் பிரித்துவிடலாம். நாளிதழ் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கிற பிரிவில், காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றும் ஒரே குற்றமல்ல. அவற்றைச் செய்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள்.

நகை விளம்பரம் தொந்தரவுதான், ஆனால் பொய் இல்லை. சாயங்காலம் டெஸ்க்குக்குப் பக்கத்தின் மாதிரி வரைபடமான டம்மி வரும்போதே விளம்பரங்கள் கட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் செய்தி. 'நாளைக்கு ஜாக்கெட் (முதல் பக்கத்தை மூடும் முழு விளம்பரம்) இருக்கிறது' என்று விளம்பரப் பிரிவிலிருந்து தகவல் வந்தால் செய்தி ஆசிரியரும் உங்களைப் போலவே முனகுவார். ஆனால் நீங்கள் கொடுக்கும் விலையில் பேப்பரை அச்சடித்து வாசலில் போட முடியாது. காகிதச் செலவுக்கே பற்றாது. இறக்குமதிக் காகிதத்துக்கு 2019 பட்ஜெட்டில் பத்து சதவீத வரி போட்டார்கள். எல்லாப் பத்திரிகை முதலாளிகளும் கூக்குரலிட்ட பிறகு, அடுத்த வருடம் ஐந்தாகக் குறைத்தார்கள். நாளிதழின் விலை, பக்கம், விளம்பர இடம் மூன்றுக்கும் கடிவாளம் போட 1956இல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. புனேயின் 'சகால்' நாளிதழ் வழக்குப் போட்டது. 1961இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பேச்சுரிமைக்கு விரோதமென்று தள்ளிவிட்டது. தீர்ப்பு சரியானதுதான் என்பது என் எண்ணம். அதன் விலையைத்தான் காலையில் நகைக்கடைக்காரர் முகத்தில் விழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேந்தர் பேட்டி அப்படியல்ல. அது வாசகரை ஏமாற்றுவது. விளம்பரத்துக்குச் செய்தியின் எழுத்துரு, செய்தியின் தலைப்பு, செய்தியின் பத்தி அகலம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மூலையில் கடுகளவு எழுத்தில் 'இம்பேக்ட் ஃபீச்சர்' என்றோ 'அட்வர்டோரியல்' என்றோ 'கன்ஸ்யூமர் கனெக்ட்' என்றோ போடுவார்கள். 'விளம்பரம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எப்படியோ தவிர்த்துவிடுவார்கள். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 2003இல் மீடியாநெட் என்ற பெயரில் இதை முறையான வியாபாரமாகவே தொடங்கியது. 'நாங்கள் பத்திரிகைத் தொழிலில் இல்லை, விளம்பரத் தொழிலில் இருக்கிறோம்' என்ற பொருளில் அதன் நிர்வாக இயக்குநர் வினீத் ஜெயின் 2012இல் ஓர் அமெரிக்க இதழிடம் சொன்னார். மற்றவர்கள் சொல்லாமல் செய்கிறார்கள், அவர் சொல்லிவிட்டுச் செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

இதன் கொடிய வடிவம் தேர்தல் நேரத்தில் தெரியும். 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது அப்போதைய முதல்வரைப் புகழும் ஒரே கட்டுரை, வரி மாறாமல், ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக்காட்டினார். விவகாரம் பெரிதாகி, பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் இருவர் குழு போட்டது. பத்திரிகைகளின் பெயர்களைப் போட்டு அவர்கள் எழுதிய நீண்ட அறிக்கையைக் கவுன்சில் 2010இல் வெளியிடாமல், பெயர்களை விழுங்கிய சுருக்கம் ஒன்றை வெளியிட்டது. முழு அறிக்கை 2011இல்தான், அதுவும் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு வெளியே வந்தது.

ஆகவே இணைப்பிதழில் கடுகெழுத்தாவது போட்டு வரும் வேந்தர் பேட்டியைக் கிழித்துப் பரணுக்கு விரித்துவிடலாம். எந்த முத்திரையும் இல்லாமல், செய்திப் பக்கத்தில், நிருபர் பெயரில்லாமல், குறையே சொல்லாமல், பக்கத்திலேயே அதே நிறுவனத்தின் அரைப்பக்க விளம்பரத்தோடு ஒரு 'செய்தி' வந்தால் அதைத்தான் நீங்கள் கத்தரித்து வைக்க வேண்டும். அப்படி ஒன்று வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இப்போது குளத்துக்கு வருவோம். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அந்தச் செய்தி எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மாவட்டச் செய்திகளில் பெரும்பகுதி பகுதிநேர நிருபர்கள் கொடுப்பது. வருகிற செய்தியை எண்ணியோ அளந்தோதான் பல இடங்களில் சம்பளம். தீபாவளி மலருக்கும் பொங்கல் மலருக்கும் விளம்பரம் பிடித்துத் தருகிற வேலையும் அதே ஆளின் தலையில் விழுவது உண்டு. 'பணி நிறைவடைந்தது' என்று உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிரஸ் நோட் வரும். அதிலேயே ஒரு படமும் இருக்கும். மாலைக்குள் இன்னும் நாலு செய்தி அனுப்ப வேண்டிய ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் தெருக்கோடி வரை வரமாட்டார். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் படித்துறை வைத்த குளமெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்படித்தான் அடுத்த குளத்தின் படம் உங்கள் குளத்துச் செய்தியில் ஏறுகிறது. இது காரணம்தானே தவிர, மன்னிப்பதற்கான நியாயம் இல்லை. அதிகாரி 'முடிந்துவிட்டது' என்றதை, 'முடிந்துவிட்டதாக அதிகாரி தெரிவித்தார்' என்று எழுதியிருந்தாலே பாதிப் பொறுப்பு நீங்கியிருக்கும். உங்களிடம் அந்தச் செய்தி இருந்தால் எடுத்துப் பாருங்கள்: 'தெரிவித்தார்' இருக்கிறதா, இல்லை பேப்பரே தன் வாயால் சொல்கிறதா?

தப்பு எல்லாப் பேப்பரிலும் வரும். ராத்திரியில் அவசரமாகப் பக்கம் முடிக்கிற தொழில் இது. அதனால் தப்பு வந்ததை வைத்து நான் ஒரு பத்திரிகையை எடைபோட மாட்டேன். தப்பைச் சுட்டிக்காட்டிய பிறகு என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் எடைபோடுவேன். 'தி இந்து' 2006இல் கே. நாராயணனை, வாசகர் புகார்களைக் கவனிக்கும் வாசகர் ஆசிரியராக நியமித்தது. நாட்டின் பெரிய நாளிதழ்களில் அப்படியொரு ஏற்பாடு அப்போது புதிது. திருத்தங்கள் தினமும் பேப்பரிலேயே வர ஆரம்பித்தன. 'இவ்வளவு தப்பா விடுகிறார்கள்' என்று அதைப் பார்த்துச் சிரித்த போட்டிப் பத்திரிகைக்காரர்கள் உண்டு. அவர்கள் பத்திரிகைகளில் அதற்கு மேலேயே தப்பு இருந்தது, திருத்தம்தான் இல்லை. உங்கள் பேப்பரில் திருத்தத்துக்கென்று ஒரு மூலை இருக்கிறதா? கடைசியாக எப்போது திருத்தம் பார்த்தீர்கள்? உங்கள் புகாரிலேயே என்னை உறுத்துவது, இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் வராததுதான்.

ஆனால் எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? பொதுவான வாசகர் கடித முகவரிக்கு என்றால், அங்கே வருவதைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறவர் தலையங்கப் பக்கத்துக்காரர். மாவட்டச் செய்திக்கு அவர் பொறுப்பல்ல. கடைசிப் பக்கத்தின் அடியில், அல்லது உள்ளே எங்காவது ஒரு பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர். ஆசிரியர் பெயரை ஒட்டி 'செய்தித் தேர்வுக்குப் பொறுப்பானவர்' என்ற குறிப்பும் இருக்கும். 1867ஆம் வருடத்துச் சட்டம் கொண்டுவந்த வழக்கம் அது. 2024 மார்ச்சில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதியது வந்துவிட்டது, வழக்கம் நிற்கவில்லை. அந்தப் பெயருக்கு, அந்த முகவரிக்கு, ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், என்ன தலைப்பு. எது தவறு. அதற்கு ஆதாரமாகக் குளத்தின் படம், எடுத்த தேதியோடு. என்ன வேண்டும்: திருத்தம். அப்பா காலத்துப் பெருமையோ நகை விளம்பரமோ வேந்தரோ அதில் வரவே கூடாது. 'உங்கள் பத்திரிகை தரம் தாழ்ந்துவிட்டது' என்று ஆரம்பிக்கும் கடிதங்களைப் படிக்கிறவருக்கு இரண்டாம் வரியிலேயே கண் மேய ஆரம்பித்துவிடும். ஒரே தப்பு, ஒரே ஆதாரம், ஒரே கோரிக்கை என்று வந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் டெல்லியில் இருக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் ஓடிவிட்டது, கவனம். செய்தியின் நறுக்கு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இது குறித்து நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் இணைக்க வேண்டும். கவுன்சிலால் அபராதம் போட முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். 'பல்லில்லாத அமைப்பு' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதியில் தோற்ற வேட்பாளர் ஒருவர், தன்னை எதிர்த்து நின்றவரைப் பற்றிக் காசுக்குச் செய்தி போட்டதாக இரண்டு இந்தி நாளிதழ்கள் மேல் இதே கவுன்சிலில்தான் புகார் கொடுத்தார். கவுன்சில் அதை உறுதி செய்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் தேர்தல் ஆணையத்துக்குப் போனார். அந்தச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று ஜெயித்த அந்த எதிர் வேட்பாளர், எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை ஆணையம் 2011இல் மூன்று வருடத்துக்குத் தகுதிநீக்கம் செய்தது.

சரி, நாலு பேர் நிறுத்தினால் உறைக்குமா என்று கேட்டீர்கள். நாலு பேர் என்ன, இரண்டரை லட்சம் பேர் நிறுத்திய கதை ஒன்று சமீபத்தில் நடந்தது. 2024 அக்டோபர் 25 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 11 நாள் இருக்கும்போது, 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் இனி எந்த அதிபர் வேட்பாளரையும் ஆதரித்துத் தலையங்கம் எழுதாது என்று அறிவித்தது. கமலா ஹாரிஸை ஆதரித்துத் தலையங்கம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் எடுத்த முடிவு அது. சில நாட்களுக்குள் சுமார் 2,50,000 பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். மொத்தச் சந்தாதாரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பெசோஸ் அசரவில்லை. 2025 பிப்ரவரியில், கருத்துப் பக்கம் இனி தனிமனித சுதந்திரத்தையும் சந்தைப் பொருளாதாரத்தையும் ஆதரித்துத்தான் எழுதும் என்று இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தப் பக்கத்தின் ஆசிரியர் விலகினார், மேலும் பல்லாயிரம் பேர் சந்தாவை விட்டார்கள். நல்ல நிருபர்கள் பலர் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். உலகப் பணக்காரர்களில் ஒருவருக்குச் சந்தாப் பணம் போனால் என்ன? அடி விழுந்தது செய்தி அறையில். ரத்து செய்தவர்கள் தப்புச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டது கருத்துப் பக்கத்தின் மேல், பணத்தை எடுத்தது செய்திப் பக்கத்திலிருந்து. அதை யோசித்துவிட்டுச் செய்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக் கதை வேறு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்துப் போட்டிக்கு வந்த லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். நான்காம் நாள் 'தி சன்' நாளிதழ், ரசிகர்கள் செத்தவர்களின் பாக்கெட்டில் கைவைத்தார்கள், காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டு, அதற்கு 'உண்மை' என்று தலைப்பும் வைத்தது. எல்லாம் பொய். லிவர்பூல்காரர்கள் அந்தப் பேப்பரை விட்டார்கள். கடைக்காரர்கள் பலர் அடுக்கி வைக்கவே மறுத்தார்கள். 2012இல் சுயேச்சையான விசாரணைக் குழு உண்மையை வெளியிட்ட மறுநாள், 'தி சன்' முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. நகரம் ஏற்கவில்லை. 2017இல் லிவர்பூல் கிளப், அந்தப் பேப்பரின் நிருபர்கள் தன் மைதானத்துக்குள் வரக் கூடாது என்றது. இந்தப் புறக்கணிப்பு இத்தனை வருடம் நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். எந்தப் பொய்க்காக என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'பேப்பர் முன்ன மாதிரி இல்லப்பா' என்று விட்டவர்கள் அல்ல அவர்கள்.

'முன்ன மாதிரி' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பா அந்தப் பேப்பரைப் போட ஆரம்பித்த மூன்றாம் வருடமே நெருக்கடி நிலை வந்தது. 1975 ஜூனிலிருந்து தணிக்கை அதிகாரி பார்த்து விட்டதைத்தான் இந்தியாவில் நாளிதழ்கள் போட்டன. அப்போதும் அப்பா காபியோடு அதைத்தான் படித்திருப்பார். அதனால் அந்தக் காலத்துச் சுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள்.

மகன் சொல்லும் ஆப் விஷயம். ஆப் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செய்திகளைத் திரட்டித் தரும் ஆப்கள் எந்த ஊர் மன்றக் கூட்டத்துக்கும் ஆள் அனுப்புவதில்லை. ஏதோ ஒரு பத்திரிகைக்காரனோ செய்தி ஏஜென்சிக்காரனோ போய் எழுதியதைத்தான் அவை சுருக்கித் தருகின்றன. அதே தூர்வாரப்பட்ட குளம் அதே படத்தோடு அங்கேயும் வந்திருக்கும். நீங்கள் புகார் எழுத ஒரு ஆசிரியர் பெயர்கூட இருக்காது. இன்னொன்று, வாசகர் தரும் பணம் சின்னதுதான் என்றாலும் அதற்கு ஒரு குணம் உண்டு. 2019 ஜூனில் மத்திய அரசு மூன்று பெரிய பத்திரிகைக் குழுமங்களுக்கு விளம்பரம் தருவதை நிறுத்தியதாகச் செய்தி வந்தது. நகைக்கடைக்காரரும் அப்படி நிறுத்தலாம், பல்கலைக்கழகமும் நிறுத்தலாம். எந்தச் செய்திக்காக நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நிறுத்துவது உங்களால்தான் முடியும்.

உங்கள் மனைவி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்தப் பேப்பரில் நீங்கள் எவ்வளவு படிக்கிறீர்கள்? ஒரு வாரம் பென்சிலை வைத்துக்கொண்டு முழுதாகப் படித்த செய்திக்கு மட்டும் டிக் போடுங்கள். பக்கத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்றும் குறியுங்கள்: நிருபர் நேரில் போனாரா, பிரஸ் நோட்டா, ஏஜென்சியா, 'நம்பத்தகுந்த வட்டாரங்களா'? டிக் எல்லாம் விளையாட்டிலும் குறுக்கெழுத்திலுமே விழுந்தால் மனைவி ஜெயித்துவிட்டார். நேரில் போய் எழுதிய செய்தி ஓரளவாவது தேறினால் அதற்குக் காசு கொடுக்கலாம். அப்படியே, வாரத்தில் ஒரு காலை பக்கத்து கிளை நூலகத்துக்குப் போய், அதே நாளின் தமிழ் நாளிதழ்களைப் புரட்டுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள், பயன்படுத்தினால் என்ன? உள்ளூர்ச் செய்திக்குத் தமிழ் நாளிதழ்கள் பல சமயம் மேல். உங்கள் குளத்தைப் பற்றி அவற்றில் என்ன வந்தது என்று பார்த்தீர்களா?

திருத்தம் வந்துவிட்டால், எவ்வளவு சின்னதாக வந்தாலும், இன்னும் கொஞ்ச காலம் வாங்குங்கள். வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது காரணத்தை நாலு வரியில், விற்பனையைப் பார்க்கும் சர்குலேஷன் மேலாளருக்கு எழுதுங்கள், கடிதத்தின் நகலோடு. 'விலை கூடிவிட்டது', 'படிக்க நேரமில்லை' என்று வருகிற ரத்துகளோடு உங்களுடையதையும் சேர்த்து எண்ணிவிட விடாதீர்கள். ஏஜென்ட் 'ஏன் சார்?' என்று கேட்டால் அவரிடமும் சொல்லுங்கள், ஆனால் கோபத்தை அவர்மேல் காட்ட வேண்டாம். அவருக்கு அதில் கிடைப்பது கமிஷன் மட்டும். தகவலை மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்றாம் தேதி காலையில் சொன்னால் அன்றைக்குக் கட்டு இறங்கியிருக்கும், அந்தப் பிரதி அவர் தலையில் விழும்.